ஊதா மருந்து

"அந்தக் கடைசி விரலைக் கொஞ்சம் ஊதாவாக்க ஏலுமா, நானா?" என்று சசிகரன் கேட்டான்.

பதாகைக் கடை றுவைஸ் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தக் கால்ல? யானைட காலா, ஒங்கட அப்பாட காலா?"

"அப்பாட கால்."

"அது கறுப்பா இருக்கே. நிழலா?"

"ஓம். நிழல்."

றுவைஸ் படத்தைப் பெரிதாக்கினார். சின்னராசாவின் இடது காலின் சின்னவிரல் திரை முழுவதும் வந்து நின்றது. செத்துப் போனவரின் விரல் இவ்வளவு பெரிதாக வருமென்று சசிகரன் எதிர்பார்க்கவில்லை. சுட்டியால் இரண்டு இழுப்பு இழுத்ததும் கறுப்பின் மேல் ஊதா ஏறியது.

"இப்ப சரியா?"

"இன்னும் கொஞ்சம்."

"கூடப் போட்டா நகப்பூச்சு மாதிரி வரும் தம்பி. மௌத்து வீட்டுக்குச் சரி வராது."

எட்டடி நீளப் பதாகை அது. இடப்பக்கம் சின்னராசாவின் முகம். அடையாள அட்டைக்கு எடுத்த படம். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுப்பவர் போல இருந்தார். வலப்பக்கம் இரண்டு கால்கள். மரக்குற்றியின் மேல் ஒரு யானையின் முன்னங்கால். பக்கத்தில், அதே குற்றியில், சின்னராசாவின் கால். இரண்டும் கணுக்கால் வரை ஊதா. கீழே, 'மகள் மெனிகாவுக்காகவே வாழ்ந்த தந்தைக்கு எமது கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது.

மெனிகா என்பது யானை. சின்னராசாவுக்கு இன்னொரு மகளும் உண்டு. பெயர் சுலோஜனா, வவுனியாவில் தாதி. பதாகையில் அவளுக்கு இடம் போதவில்லை.

"அந்தக் கால் படத்தையே எடுத்துப்போட ஏலாதா, நானா? முகம் மட்டும் இருந்தாக் காணும்."

"ஓடர் தந்தது ஒங்கட யானை ஒஃபிஸ்காரங்க. விரலுக்கு நிறம் பூசினது அவங்களுக்குத் தெரியாது. காலையே வெட்டினா தெரியும்."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. முதலில் அப்பாவின் தலைமயிர் வெளியே வந்தது. வெளியே துறைமுகத்திலிருந்து வரும் லொறிகள் வீதியை அதிரச் செய்துகொண்டு போயின. கால்கள் வெளியே வரும்வரை சசிகரன் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றுக் காலை ஆறு மணிக்கு அப்பா செத்தபோதும் இப்படித்தான் நின்றான். அப்போது பார்ப்பதற்கு இவ்வளவு தெளிவாக ஒன்றும் இருக்கவில்லை.

தம்பலகாமத்தில், குளக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் யானைப் பராமரிப்பு நிலையத்தில் நான்கு யானைகள் இருந்தன. நான்கும் மரம் இழுத்து ஓய்வு பெற்றவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு, மாதம் ஒருமுறை மிருக வைத்தியர், நகம் வெட்டும் அட்டவணை, சாணத்தின் நிறத்தை எழுத ஒரு கொப்பி. பராமரிப்பாளர் ஆறு பேர். அவர்களுக்கும் ஒரு கொப்பி இருந்தது. வந்த நேரம், போன நேரம்.

மெனிகாவின் வலது முன்னங்காலில் சிரட்டை அளவு புண். பல வருடம் சீமெந்துத் தரையில் சங்கிலியோடு நின்றதால் வந்தது. சின்னராசா ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குத் தகரச் சட்டியில் உப்பு வெந்நீரோடு போவார். அகப்பையால் சட்டியில் மூன்று தட்டுத் தட்டுவார். மெனிகா காலைத் தூக்கிக் குற்றியில் வைக்கும். முக்கால் மணித்தியாலம் கழுவி, சீழ் எடுத்து, துணி அடைத்து, ஊதா மருந்து அடித்து, தோல் உறை மாட்டுவார். பிறகு முழங்காலுக்குக் கீழே இரண்டு தரம் தட்டி, "முடிஞ்சுது பிள்ளை, இறக்கு" என்பார். அதற்குப் பிறகுதான் கால் கீழே வரும். வேறு யார் சட்டியைத் தட்டினாலும் கால் தூக்கும். ஆனால் தொட விடாது.

சின்னராசாவுக்குச் சீனி வருத்தம் இருந்தது. கிளினிக் செவ்வாய்க்கிழமை காலை. மெனிகாவின் கால் எல்லாக் கிழமையும் காலை. இதில் யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்ததே இல்லை.

ஐந்து கிழமைக்கு முன்னர் பல்கலைக்கழக வளாக விடுமுறையில் வந்த சசிகரன், அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு நிலையத்துக்குப் போனான். அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தன் காலுக்கும் அதே மருந்தை அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, நீங்களும் பேஷன்ட்டோ?"

"கல்லொண்டு குத்தினது. வெளிநாட்டு மருந்தடா இது. நாலு டன் ஆனைக்கே காயுது, எனக்குக் காயாதோ?"

"விரல் கறுத்திருக்கு."

"மருந்து காய்ஞ்சா அப்பிடித்தான். கொக்காட்டைச் சொல்லிப்போடாதை. கிளினிக், கிளினிக் எண்டு உயிரை எடுப்பாள்."

சசிகரன் அக்காவிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அப்பாவின் காலையும் யானையின் காலையும் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தான். 'இதில் யானையின் கால் எது? சரியாகச் சொல்பவருக்கு ஒரு கட்டுத் தென்னோலை பரிசு' என்று எழுதி முகநூலில் போட்டான். வளாகத்தில் பகிடிக்காரன் என்று பெயர் எடுத்தவன் அவன். அவன் எழுதியவற்றில் இதற்குத்தான் அதிகம் பேர் சிரித்தார்கள். நூற்றி எண்பத்தெட்டுச் சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை அப்பா காய்ச்சலோடு நிலையத்திலேயே விழுந்தார். ஆஸ்பத்திரியில் காலைக் கழுவிய தாதியின் கையுறை ஊதாவானது. காலின் நிறம் போகவில்லை. அதற்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரிய அவர்களுக்கு அரை நாள் எடுத்தது. அன்று பின்னேரம் அக்கா வவுனியாவிலிருந்து தொலைபேசியில் வந்தாள்.

"விரல் செத்து ஒரு மாசத்துக்கு மேல எண்டு டொக்டர் சொல்லுறார். ரத்தத்தில கிருமி ஏறிட்டுதாம். வீட்டில ஒருத்தரும் பாக்கேல்லையோ?"

"எந்த நேரமும் பூட்ஸோட திரிஞ்சவர், அக்கா."

"நீ ஆனைக் காம்புக்குப் போறனியெல்லோ?"

"இந்த வருசம் போகேல்லை."

ஆஸ்பத்திரி வார்டின் யன்னலுக்கு வெளியே கடல் ஒரு துண்டு தெரிந்தது. பொய் இவ்வளவு சுலபமாக வந்ததில் அவனுக்கே ஆச்சரியம். பேச்சுப் போட்டியில் எதிரணிக்குப் பதில் சொல்வதுபோல வந்திருந்தது.

மறுநாளும் அடுத்த நாளும் அப்பா வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை போனார். அன்று மத்தியானமே நிலையத்தின் முகாமையாளர் ஞானசேகரம், அந்தப் படத்தைப் பதாகைக்கு எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். வேறு படம் தருகிறேன் என்று சசிகரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்.

"இதுதான் தம்பி நெஞ்சைத் தொடும். வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களுக்கும் இதைத்தான் அனுப்பியிருக்கு."

ஆகவேதான் சனிக்கிழமை காலை, செத்த வீட்டு வேலைகளை விட்டுவிட்டு, அப்பாவின் ஒரே மகன் டவுனில் ஒரு விரலுக்கு நிறம் பூசுவித்துக்கொண்டு நின்றான்.

பதாகையைப் படலைக்கும் வேலிக் கிளுவை மரத்துக்கும் இடையில் கட்டி முடித்தபோது அக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். இரவுப் பஸ்ஸில் வந்தவள். கண் வீங்கியிருந்தாலும் தலைமயிர் வேலைக்குப் போகும்போது போலக் கொண்டை போட்டபடி இருந்தது. பதாகையின் முன் நின்று முதலில் எழுத்தை வாசித்தாள். பிறகு கால்களுக்குக் கிட்டப் போனாள்.

"ஆர் எடுத்த படம்?"

"காம்பில ஆரோ."

அவள் அந்தச் சின்னவிரலின் மேல் தன் சுட்டுவிரலை வைத்தாள். வார்டில் நோயாளியின் காலைத் தொட்டு, "இங்க நோகுதோ?" என்று கேட்பதுபோல அழுத்தினாள். கிளுவைக்கும் படலைக்கும் இடையில் இருந்த அப்பா கொஞ்சம் பின்னால் அசைந்தார்.

"நல்லா அடிச்சிருக்கு" என்றாள்.

உள்ளே போய் அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினாள். தப்பிவிட்டோம் என்றுதான் சசிகரன் முதலில் நினைத்தான்.

கிரியைகள் முடியும் நேரம் ஞானசேகரம் வந்தார். வெள்ளைச் சேர்ட்டில் நிலையத்தின் சின்னம் குத்தியிருந்தார். மெனிகா வந்துகொண்டிருக்கிறாள் என்று பந்தலில் அறிவித்தார்.

"நடந்தோ?" என்று அக்கா கேட்டாள்.

"ஓம் மகள். இரண்டு கிலோமீற்றர்தானே."

"இந்த வெயிலில தார் றோட்டாலயோ?"

"அதுக்கும் கடைசி மரியாதை செய்ய ஆசை இருக்குமெல்லோ."

யானைகளை எந்தக் காட்சிக்கும் கொண்டு போவதில்லை என்று நிலையத்தின் வாசலில் மூன்று மொழியில் பலகை உண்டு. அந்தப் பலகைக்குச் சின்னராசாதான் வருடா வருடம் பெயின்ற் அடிப்பார்.

ஞானசேகரம் குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் குனிந்தார். "அக்கா, மெனிகாவும் ஒரு பிடி வாய்க்கரிசி போட்டால் நல்லாயிருக்கும். தும்பிக்கையால. சும்மா ஒரு பிடி."

அம்மா பூரணி மூன்று நாளாக அழுத குரலோடு நிமிர்ந்தாள். "முப்பத்திநாலு வருசம் நான் சோறு போட்ட மனுசன். மிச்சத்தையும் நானே போடுறன். அவள் தும்பிக்கையால போட்டா மனுசன்ர முகம் மிஞ்சுமோ?"

பந்தலில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

பெட்டியைத் தூக்கி ஒழுங்கைக்குக் கொண்டு வந்தபோது மெனிகா பதாகைக்குப் பக்கத்தில் நின்றது. நெற்றியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். காலில் தோல் உறை இல்லை. ஊதா நிறம் தெரியவேண்டும் என்று கழற்றியிருந்தார்கள். புதிதாகப் பொறுப்பு எடுத்த திலக்சன் பக்கத்தில் நின்றான். அவன் கையில் தடி இருந்தது. அதுவும் அந்தப் பலகைக்கு ஒத்துவராத விடயம்.

சசிகரன் வேட்டியும் வெறும் மேலுமாய், கையில் கொள்ளிச்சட்டியோடு பெட்டிக்கு முன்னால் நின்றான். பெண்கள் படலையோடு நின்றுகொண்டார்கள். அதற்கு அப்பால் அவர்கள் வருவதில்லை.

சேமக்கலம் அடிக்கிறவர் தட்டைத் தூக்கினார். வெண்கலத் தட்டில் மரச்சுத்தியல் விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

மெனிகா வலது முன்னங்காலைத் தூக்கியது.

"ஐயோ, கும்பிடுது!" என்று படலையடியில் ஒரு பெண் கத்தினாள். அதற்குப் பிறகு யாரும் பெட்டியைப் பார்க்கவில்லை. எல்லாக் கையும் தொலைபேசியோடு மேலே போயின. கிழவர்கள் துவாயால் கண்ணைத் துடைத்தார்கள். "வீடியோ எடு, வீடியோ எடு" என்று ஞானசேகரம் தன் ஆட்களுக்குப் பின்னால் ஓடினார். சேமக்கலக்காரரும் உற்சாகமாகிவிட்டார். நிறுத்தாமல் அடித்தார்.

கால் கீழே வரவில்லை.

சசிகரனுக்கு மட்டும் விளங்கியது. தகரச் சட்டி. மெனிகா மரக்குற்றியைத் தேடிக்கொண்டிருந்தது. தும்பிக்கை தார் வீதியைத் தடவி, குற்றி இல்லாத இடத்தை மூன்று தரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. பிறகு பெட்டியின் பக்கம் நீண்டு, பூமாலையை மணந்து, பேசாமல் தொங்கியது. ஐந்து நாளாக ஒருவரும் கழுவாத காலை நீட்டிக்கொண்டு, மூன்று காலில் நின்றது மெனிகா. மற்றத் தோளின் தசை ஆடத் தொடங்கியது.

"இறக்கடி, இறக்கு" என்று திலக்சன் தடியால் குத்தினான். தெரிந்த கட்டளையெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னான். யானை அவனைப் பார்க்கவே இல்லை.

"கொஞ்சம் விடு தம்பி, நல்லா நிக்குது" என்றார் ஞானசேகரம். "இன்னும் ஒரு நிமிசம்."

சசிகரன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் யானையைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா காலை இறக்கச் சொல்லும் அந்தச் சொல்லைச் சொன்னால், அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் இந்தக் கூட்டம் பின்னேரம் வரை அழுதுகொண்டு நிற்கும். யானையும் நிற்கும். அது நிற்கப் பழக்கப்பட்டது.

பின்னங்கால் ஒன்று வழுக்கி, தாரில் நகம் உராய்ந்த சத்தம் கேட்டது.

கொள்ளிச்சட்டியை நிலத்தில் வைக்கக்கூடாது. சசிகரன் நாலு எட்டு வைத்துப் படலைக்குப் போய், சட்டியை அக்காவிடம் நீட்டினான். "பிடியுங்கோ."

"என்னடா இது, பொம்பிளைப் பிள்ளையின்ர கையில!" என்று பின்னால் ஒரு கிழவர் பதறினார். அக்கா வாங்கிக்கொண்டாள்.

அவன் மெனிகாவின் காலடிக்குப் போனான். புண்ணின் வாடை முகத்தில் அடித்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு தரம் தட்டினான்.

"முடிஞ்சுது பிள்ளை, இறக்கு."

யானை கொஞ்சம் யோசித்தது. குரல் சரியில்லை, சொல் சரி. கடைசியில் சொல்லை நம்பியது. கால் மெதுவாக இறங்கித் தாரில் பட்டது. கூட்டம் கைதட்டியது. செத்த வீட்டில் கைதட்டியதை உணர்ந்து பிறகு நிறுத்தியது.

சட்டியைத் திரும்ப வாங்கப் போனபோது அக்கா உடனே கொடுக்கவில்லை. கரி பட்ட விரல்களோடு அதைப் பிடித்தபடி, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"எத்தின தரம் போனனி?"

"கன தரம்."

புகை இருவருக்கும் நடுவில் எழும்பியது. அவள் கண்ணைத் துடைக்கவில்லை. சட்டியை அவன் கையில் வைத்தாள்.

"சுடும். விளிம்பில பிடி."

ஊர்வலம் நகர்ந்தது. ஒழுங்கை திரும்பும் இடத்தில் அவன் பார்த்தபோது அக்கா படலையைத் தாண்டி வந்து யானையின் காலடியில் குந்தியிருந்தாள். ஞானசேகரம் அவளுக்கு மேலே நின்று ஏதோ விளக்கம் சொன்னார். தண்ணீர் கேட்டு யாரோ ஓடினார்கள். அவள் சொன்ன ஒரு வசனம் மட்டும் காற்றில் வந்தது.

"இது நல்லாக் காயுது. வடிவாத்தான் பாத்திருக்கிறார்."

சுடலையால் வந்து கிணற்றில் குளித்து முடிக்க நாலரை மணியாகியிருந்தது. பந்தலில் கதிரைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மேற்கே வயல்களுக்கு மேலால் மழை இருட்டு வந்துகொண்டிருந்தது. சசிகரன் ஒரு கதிரையில் இருந்து தொலைபேசியைத் திறந்தான். நிலையத்தின் பக்கத்தில் மெனிகாவின் 'இறுதி வணக்கம்' ஏற்கெனவே ஏறியிருந்தது. அவன் போய்த் தட்டிய பகுதியை வெட்டியிருந்தார்கள்.

தன் பழைய படத்தை அழிக்கத்தான் அவன் திறந்தான். இப்போது அதற்குக் கீழே அனுதாபங்கள் வரிசையாக இருந்தன. தென்னோலைப் பரிசுக்குக் கீழே 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்று நாற்பது பேர். மேலே நூற்றி எண்பத்தெட்டுச் சிரிப்பு அப்படியே இருந்தது. இதுவரை எண்ணிக்கையைத்தான் பார்த்து மகிழ்ந்திருந்தான். ஆட்களைப் பார்த்ததில்லை. அழிப்பதற்கு முன் யார் யாரென்று பார்க்கலாமென்று பெயர்களை இறக்கிக்கொண்டு போனான். வளாகப் பெடியள். பெட்டையள். ஒரு விரிவுரையாளர். நிலையத்தில் வேலை செய்யும் இரண்டு பேர். கிட்டத்தட்ட அடியில், படம் போட்ட அன்றே சிரித்தவர்களுக்கு நடுவில், தன் மகளின் பிறந்தநாளை முகப்புப் படமாக வைத்த ஒரு பெயர் இருந்தது.

சுலோஜனா.

குசினி வாசல் அங்கிருந்து தெரிந்தது. அக்கா உரலின் மேல் இருந்தாள். அடுப்பில் கேத்தில். அவள் கையில் தொலைபேசி. பெருவிரல் திரையின் மேல் அசையாமல் நின்றது. பிறகு அசைந்தது.

சசிகரன் குனிந்து திரையை ஒருமுறை இழுத்து விட்டான்.

நூற்றி எண்பத்தேழு.

அவன் பெயர்களைத் திரும்ப இறக்கிப் பார்க்கவில்லை. படத்தையும் அழிக்கவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டான்.

அக்கா தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையை அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு, படலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சசி. மழை வரப்போகுது. அதைக் கழட்டுவம்."

"முப்பத்தொண்டாம் நாள் வரைக்கும் இருக்கட்டாம் எண்டு ஞானசேகரம் சேர் சொன்னவர்."

"நனைஞ்சா மை கரையும்."

அந்த மை மழைக்கோ வெயிலுக்கோ ஒன்றும் ஆகாது என்று றுவைஸ் மூன்று வருடத்துக்கு உத்தரவாதம் தந்திருந்தார். பதாகையின் மூலையில் அது சின்ன எழுத்தில் அச்சடித்தும் இருந்தது. காலையில் விரலால் தொட்டுப் பார்த்தவளுக்கு அது தெரியாமல் இருக்காது.

"ஓம் அக்கா" என்றான். "கரையும்."

அவன் கிளுவைப் பக்கத்து முடிச்சை அவிழ்த்தான். அவள் படலைப் பக்கத்தை. நீளம் கூட என்பதால், சின்ன வயதில் அம்மா தோய்த்த கட்டில் விரிப்பை மடிப்பதுபோல ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். எட்டடி. மடித்து நடந்தபோது நாலடி. திரும்ப மடித்தபோது இருவர் விரலும் முட்டின. மடிப்பின் வெளிப்பக்கமாக அந்தக் கால் வந்து நின்றது.

அக்கா அதை உள்ளே போகும்படி இன்னொரு மடிப்பு மடித்தாள். முதல் துளி விழுந்தது.